பெயர் வெட்டிய சொம்பு

கப்பல் நிறுவனம் அண்ணிக்கு மார்ச் 1956இல் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. மூன்றே வரிகள். போரில் எண்ணெய்க் கப்பல் குண்டுபட்டு மூழ்கிய அன்று அண்ணன் அதில் இருந்தாரா என்று உறுதிசெய்ய இயலவில்லை. ஆட்பட்டியலும் கப்பலோடு போய்விட்டது. பதினான்கு ஆண்டுகளாக அண்ணி குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் குடியிருந்த சிராங்கூன் சாலைப் பெண்கள் அதற்கும் பேசினார்கள்.

அந்த ஆண்டே, அக்கப்பலை இரும்புக்காக உடைத்தெடுக்கும் குத்தகைக்காரரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். படகில் உட்கார்ந்து முக்குளிப்பவரின் கயிற்றைப் பிடிக்க வேண்டும்; மேலே வருவதை ஏட்டில் எழுத வேண்டும். முக்குளிப்பவர் கீழக்கரைக்காரர். அவர் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன்.

"கப்பல்னு ஒண்ணு இல்ல தம்பி. முன்பக்கம் ஒரு எடம், பின்பக்கம் ஒரு எடம். ஒரே சேறு, கையாலதான் பாக்கணும்."

"பித்தளைச் சொம்பு ஒண்ணு கெடைக்குமா காக்கா? அண்ணன் கொண்டுபோனது. பேர் வெட்டியிருக்கும்."

"இவ்ளோ இரும்புக்குள்ள சொம்பா! சாப்பாட்டுக்கடைன்னு நெனச்சியா லா? சரி, அண்ணன் பேரச் சொல்லு."

சொன்னேன். சொம்பில் யார் பெயர் என்று அண்ணியிடம் நான் கேட்டதில்லை.

நான்கு மாதம் தேடினார். ஏட்டில் தகடு, குழாய், சங்கிலி என்றே எழுதினேன். குத்தகை முடிந்த வாரம் காக்கா வீட்டுக்கு வந்து, தாளில் சுற்றிய சொம்பு ஒன்றை அண்ணியிடம் நீட்டினார்.

"கடைசி நாள் கெடச்சுதும்மா. புளி போட்டுத் தேச்சேன்."

கடைசி நாளும் கயிறு என் கையில்தான் இருந்தது. அன்று மேலே வந்தது ஒரு வால்வு மட்டுமே.

அண்ணி எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். "இது எங்க சீர்ச் சொம்பு இல்லண்ணே. அதுல எங்கப்பா பேர்தான் இருக்கும்."

காக்கா தலைகுனிந்தார். "இப்பிடியே எத்தன வருசம் இருப்பீங்கன்னுதாம்மா..."

"கீழ எல்லாத்தையும் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

அண்ணி அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதன்பின் கப்பலைப் பற்றி அண்ணி பேசியதில்லை. மறுநாளும் குங்குமம் வைத்தார்.

1967இல் அண்ணி இறந்தார். குளிப்பாட்ட வந்த பெண்கள் வாசலுக்கு வந்து என்னைக் கேட்டார்கள்: "சுமங்கலியா, இல்லியா? மஞ்சள் பூசலாமா?"

"பூசுங்க" என்றேன்.

அண்ணன் அன்று அந்தக் கப்பலில் இருந்தாரா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.