எட்வினின் பூட்டனாரைத் தேடி வலே மலைக்கு

சுவிஸ் பாசல் நகரில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் எட்வினுக்கு எண்பது கடந்துவிட்டது. அவருடைய பூட்டனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். சயரோகம் பிடித்த மனைவியைச் சுவிஸின் வலே மாநில மலையில் விட்டுவிட்டு, பதவிதான் பெரிதென்று லண்டனுக்குத் திரும்பியவர் என்பது குடும்பத்துக் கதை. கடைசியில் மனைவியிடம் வந்து சேர்ந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வி எட்வினை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த மனைவியின் கல்லறையைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அவருடைய முழங்கால் விடுவதில்லை. போன ஜூனில் ஒரு சனிக்கிழமை, நானும் மனைவி ஜெசிந்தாவும் அவருக்காகக் கிளம்பினோம்.

காலை ஆறரைக்கு ரயில். விஸ்ப் வரை இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, பிறகு மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். அரைக்கட்டண அட்டை இல்லாமல் போனால் கையைக் கடிக்கும். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று எட்வின் கேட்டிருக்கிறார், மன்னியுங்கள்.

இறங்கியதும் கோயில் கோபுரத்தைப் பார்த்து விறுவிறென்று நடந்தேன். மன்னாரில் பிறந்தவனுக்குக் கல்லறை என்றால் கத்தோலிக்கக் கோயிலின் இடுகாடான சேமக்காலைதான். அங்கே எல்லாம் புதுக் கற்கள். பூவுக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்மணியிடம் விசாரித்தேன். இருபத்தைந்து வருடம் முடிந்தால் கல்லை எடுத்து, இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். எட்வினுக்கு எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன் அங்கிலிக்கன் சபை எல்லோ? எங்கட சேமக்காலையில ஏன் தேடுறியள்?" என்றாள் ஜெசிந்தா.

"வந்தவுடன சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் நிண்டால்தானே சொல்ல."

ஆங்கிலேயர் கோயில் எங்கே என்று கேட்டதும் பெண்மணி மேலே கை காட்டினார். பத்து நிமிட ஏற்றம். சின்னக் கற்கோயில், அதன் பின்னால் புல்லுக்குள் பழைய கல்லறைகள். அங்கே எதையும் யாரும் அகற்றவில்லை. மூன்றாவது வரிசையில் மனைவியின் பெயர். அதே கல்லில், கீழே, சில வருடங்கள் பிந்திய தேதியோடு, பூட்டனாருடைய பெயர். பாராளுமன்றம், பதவி, பட்டம் ஒன்றும் இல்லை. 'இவளின் கணவர்' என்று மட்டும் பொறித்திருந்தது. அப்பாடா என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்படித் தேடிப் போகிறவர்கள் கோடையில் போங்கள், நல்ல சப்பாத்து போடுங்கள், இறந்தவர் எந்தச் சபை என்று முதலில் கேளுங்கள்.

படத்தை அனுப்பினேன். உடனே எட்வின் தொலைபேசியில் வந்தார். அவர்களுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டார்.

ஜெசிந்தா கல்லறைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "இருக்கெண்டு சொல்லுங்கோ. அவசரமில்லை எண்டும் சொல்லுங்கோ."