மடுச் சந்தியில் ஒரு மீன் துண்டு

இது கொழும்பு நகர உலா பற்றிய பதிவு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பல்காரர்கள் கடைசி நாளுக்கு அதற்குத்தான் எங்கள் கையில் சீட்டுக் கொடுத்தார்கள். கடற்கரைத் திடல், ஒரு புத்தர் கோயில், இரண்டு துணிக்கடை, மதியச் சாப்பாடு. நாங்கள் அந்தச் சீட்டை அறையிலேயே விட்டுவிட்டு மன்னாருக்குப் போனோம். அதே மாதிரி கிறுக்குத்தனம் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பத்தாவது திருமண நாளுக்கு ஏதாவது செய்வோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் கொழும்பில் இறக்கிவிடும் கப்பல். விளம்பரத்தில் நீச்சல்குளம், நடனம், பதினெட்டு வகைக் கேக் எல்லாம் போட்டிருந்தது. என் கண்ணில் பட்டது ஒன்றுதான்: கொழும்பில் முடிகிறது. என் வீட்டுக்காரர் றெஜி மன்னார்த் தீவில் கீரி என்ற கடற்கரை ஊர்க்காரர். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் சண்டைக்குப் பயந்து பேசாலைக் கரையில் படகு ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கியவர். அகதி முகாமில் இருந்தார், தூத்துக்குடிக்காரியான என்னைக் கட்டினார், இப்போது இருவரும் ஒஸ்லோவில் இருக்கிறோம். போர்நிறுத்தம் வந்த பிறகு ஒஸ்லோவில் இருக்கும் மன்னார்க்காரர்கள் ஆளாளுக்கு ஊர் போய் வந்துவிட்டார்கள். இவர் மட்டும் "பாப்பம், பாப்பம்" என்றே இரண்டு வருடத்தை ஓட்டினார்.

கடல் தெரியும் அறைக்கென்று கூடுதலாகக் கட்டியிருந்தேன். மனுஷன் முதல் நாளே திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார். மேல்தளத்துக்கு வரமாட்டார். வந்தாலும் உயிர்காப்பு அங்கி எங்கே தொங்குகிறது என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். இருப்புக் கொள்ளாமல் நடைபாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தார். பக்கத்து அறை ஜெர்மன்காரி, உங்கள் கணவர் உடற்பயிற்சி ஆசிரியரா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நண்பகலில் கொழும்பில் இறங்கினோம். இரண்டு நாளைக்கு வேன், ஓட்டுநர் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய். ஓட்டுநர் அன்ரன் நீர்கொழும்புக்காரர், சிங்களக் கத்தோலிக்கர். தமிழும் சரளமாகப் பேசினார். அன்றிரவு அனுராதபுரத்தில் தங்கி, காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். மதவாச்சிச் சாவடியில் பெட்டிகளைப் பிரித்துக் காட்டி, உடம்பைத் தடவ விட்டு, வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் சீக்கிரம் விடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுநாள் காலை ஒன்பதுக்கு எங்களுக்கு விமானம். அதாவது மன்னாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல்.

மதவாச்சியிலிருந்து மன்னார் எண்பத்தைந்து கிலோமீட்டர். பாதி வழியில் மடுச் சந்தி வரும். அங்கிருந்து வலப்பக்கம் காட்டுப் பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் மடு மாதா கோயில். அன்ரன் சந்தியில் வண்டியை மெதுவாக்கி, சிலுவை போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, மாதாவப் பாத்திட்டுப் போவமா?"

"பிறகு பாப்பம் அன்ரன். நேரம் போகுது," என்றார் றெஜி.

அன்ரன் வண்டியை நேரே விட்டார். எனக்கும் சீக்கிரம் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

ஒன்பது மணிக்கு மன்னார்ப் பாலம். பழைய பாலத்தைச் சண்டையில் உடைத்துவிட்டதால் இரும்புப் பாலம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் முழங்காலளவு தண்ணீரில் கொக்குகள் நின்றன. நேரே கீரிக்குப் போவோம் என்று நான் நினைத்தேன். "வந்தது வந்தாய், முதல் ரவுணைப் பார்," என்றார் இவர். ரவுண் என்றால் டவுன். சரி, இதுதான் எங்கள் நகர உலா.

கோட்டைக்குள் ராணுவம் இருக்கிறது. வெளியே நின்று சுவரைப் பார்க்கலாம், படம் எடுக்கக்கூடாது. பள்ளிமுனைப் பக்கம் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. யானைக்கால் நிறத்தில், பத்துப் பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத பருமன். அரபு வியாபாரிகள் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்த மரம் என்கிறார்கள். தெருவெல்லாம் கழுதைகள். பேருந்து நிலையத்தில் மனிதர்களோடு அவையும் வரிசையில் நின்றன. சந்தைக்குள் போய்க் கருவாடு விலை கேட்டோம், வாங்கவில்லை. பிறகு மறுபடியும் கோட்டை. அதற்குப் பிறகு, நம்பினால் நம்புங்கள், மறுபடியும் பெருக்கமரம்.

"அந்த மரம் ஒரு மணி நேரத்தில் வளர்ந்திருக்காது. வீட்டுக்குப் போக உங்களுக்குப் பயமா?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார்.

பத்து வருடத்தில் அவர் ஒரே சொல்லில் உண்மை சொன்னது அன்றைக்குத்தான். அவருக்குத் தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது எட்டு வயது மூத்த அக்கா பிலோமினா. படகுக்குக் காசு புரட்டி, கரையில் நின்று கையசைத்து அனுப்பிவைத்ததும் அந்த அக்காதான். அவளை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தோமே என்பது இவருக்குத் தொண்டையில் முள்ளாகவே இருந்திருக்கிறது. இதையெல்லாம் எனக்கு அந்த மரத்தடியில்தான் சொன்னார். அதற்கு மேல் நான் அவரைப் பேசவிடவில்லை, வண்டியில் ஏற்றிவிட்டேன்.

கீரி, நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். மணல், பனை, இழுத்துப் போட்ட படகுகள், அவற்றுக்கு நடுவே தகரக்கூரை வீடு. வருகிறோம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பிலோ அக்கா வாசலிலேயே நின்றாள். ஓடிவந்து கட்டிப் பிடிப்பாள், அழுவாள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவள் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா, வண்டி வைச்சிட்டு நிக்கிறாய்!" என்றாள். வண்டி என்றால் இவர்கள் பேச்சில் தொப்பை. பிறகு வலக்கையை நீட்டினாள். "சரி, தா."

"என்னத்தை அக்கா?"

"மண்ணை. மடு மண்ணை. கொண்டுவந்தனீதானே?"

இவர் என்னைப் பார்த்தார், நான் அன்ரனைப் பார்த்தேன். "இல்லை அக்கா, நாங்கள் மடுவுக்குப் போகேல்லை," என்றார் இவர்.

அவள் முகம் செத்துப் போயிற்று. அடுத்த நிமிடமே சரிசெய்துகொண்டு, "அதுக்கென்ன, வாங்கோ, வா பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ, சோறு ஆறுது," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேசை நிறைய நண்டு, இறால், விளைமீன் குழம்பு, பொரியல். ஓரத்தில் ஒரு சின்னக் கோப்பை தட்டால் மூடியிருந்தது. பிலோ அக்கா எங்களுக்கு அள்ளி அள்ளி வைத்துவிட்டு, தான் சோற்றில் பருப்பும் முருங்கையிலைச் சொதியும் ஊற்றிக்கொண்டாள். நான் குழம்பை வாயில் வைத்தேன். உப்பு! நானும் கடற்கரைக்காரிதான், எங்கள் ஊரிலும் மீன்குழம்பு உண்டு, ஆனால் இப்படி ஒரு உப்பை நான் சாப்பிட்டதில்லை. றெஜி தலை நிமிராமல் சாப்பிட்டார். அக்காவின் கணவர் மரியதாஸ் அத்தான் வெகு நிதானமாக, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துச் சாப்பிட்டார். மன்னாரில் இப்படித்தான் போல என்று நானும் மூச்சு விடவில்லை.

"நீங்கள் மீன் எடுக்கவில்லையா அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அத்தான்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இவன் படகு ஏறின அண்டைக்கு மாதாவுக்கு நேர்த்தி வைச்சவள். தம்பி உயிரோட திரும்பி வந்து, தன்ரை கையால மடு மண் எடுத்துத் தந்தால்தான் மீன் தொடுவன் எண்டு. பதின்மூண்டு வரியம் தொடேல்லை. அந்தக் கோப்பையில மூடி வைச்சிருக்கிறது அவளின்ரை துண்டு. விடியக்காத்தாலயே எடுத்து வைச்சிட்டாள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" றெஜி அந்தக் கோப்பையைப் பார்த்துக் கேட்டார்.

"சொன்னால் நீ நேர்த்திக்காக வாறாய் எண்டு ஆகிடுமாம். மடுவைத் தாண்டி வாறவன் மாதாவைப் பாக்காமலோ வரப்போறான் எண்டு இருந்திட்டாள்."

மடு மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பாம்பு தீண்டாமல் காக்கும் என்று கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து வீட்டில் வைப்பது இங்கே வழக்கம். தமிழர், சிங்களவர் இருவரும் எடுத்துப் போவார்கள். எங்களுக்கோ அந்த மண் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் பின்னால் கிடந்தது. போகிற வழியில் எடுக்கலாம், ஆனால் அதைக் கொடுக்கத் திரும்பி வர முடியாது.

"அடுத்த முறை வரேக்க கொண்டா," என்றாள் பிலோ அக்கா, தண்ணீர்ச் செம்போடு வந்து. அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. போர்நிறுத்தம் இன்றைக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

றெஜி கை கழுவாமலே எழுந்தார். "அன்ரன், மடுவுக்கு எத்தினை மணிமட்டும் விடுவாங்கள்?"

"அஞ்சரைக்குப் பூட்டுவாங்க. இப்பவே வெளிக்கிட்டா சரி வரும்."

"அக்கா, சீலையை மாத்து. நீயும் வாறாய். மண்ணை அங்கயே தாறன்."

"உனக்கென்ன விசரோ? நான் எப்பிடித் திரும்பி வாறது?"

"வவுனியாவிலயிருந்து மன்னாருக்கு வாற பஸ் ஆறு மணிக்குச் சந்தியால வரும். நானும் வாறன், ஏறி வருவம்," என்றார் அத்தான். அவர் ஏற்கெனவே சட்டை போட்டு முடித்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது ஓட்டம்தான். அக்கா அடையாள அட்டையைத் தேடினாள், செருப்பை மாற்றிப் போட்டாள், பிறகு மூடிய கோப்பையை எடுத்து ஒரு தூக்குச்சட்டியில் சோற்றின் மேல் கவிழ்த்தாள். பாலத்தடிச் சாவடியில் எங்கள் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் தூக்குச்சட்டியைத் திறக்கச் சொல்லி, குனிந்து மோந்து பார்த்து, "மாளு," என்றான். மீன் என்று அர்த்தம். அன்ரன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் மூடியை அவனே மூடிக் கொடுத்தான்.

மடுச் சந்தியை மூன்றரைக்குத் தொட்டோம். ராணுவச் சாவடி, கொஞ்சத் தூரம் தள்ளி இயக்கத்தின், அதாவது புலிகளின் சாவடி, இரண்டு இடத்திலும் அதே கேள்விகள். பாதையின் இரு பக்கமும் மண்டையோடு வரைந்த கண்ணிவெடிப் பலகைகள். தயவுசெய்து, எந்த அவசரத்துக்கும் இங்கே பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கோயில் பெரியது, முற்றம் அதைவிடப் பெரியது, சுற்றிலும் மரம், குரங்கு, காற்று. நாங்கள் அங்கே இருந்தது இருபது நிமிடம். றெஜி மாதாவின் முன்னால் முழங்காலில் இருந்தார். பிறகு மண் எடுக்கும் இடத்துக்குப் போய் இரண்டு கையாலும் அள்ளி வந்தார். அக்கா முந்தானையை விரித்தாள். அவர் கொட்டினார். அப்போதுதான் அவள் அழுதாள், வாய்விட்டு, சின்னப்பிள்ளை மாதிரி. "என்ரை ராசா, வந்திட்டியடா," என்று அவர் தலையைப் பிடித்து உலுக்கினாள். நானும் அழுதேன், அன்ரனும் அழுதார். கைக்குட்டை வண்டியில் இருந்தது.

திரும்பும்போது சந்தியில் இருந்த சிப்பாய் ஒருவன் முந்தானை முடிச்சைக் காட்டி அன்ரனிடம் கேட்டான். காவலரண் முழுக்கப் பாம்பாம், கொஞ்சம் மண் வேண்டுமாம். "முழுக்கக் கேட்டால் குடுக்க ஏலாது எண்டு சொல்லு," என்றபடி அக்கா ஒரு பிடி கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டான்.

சந்தித் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தாள். ஆறிப்போன சோறு, மேலே ஒரு விளைமீன் துண்டு. சிலுவை போட்டாள். ஒரு விள்ளல் பிய்த்துச் சோற்றோடு வாயில் வைத்தாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். பதின்மூன்று வருடம் கழித்துத் தின்னும் மீன், முள் சிக்கிவிட்டது என்று நினைத்து நான் தண்ணீரை நீட்டினேன்.

"உப்பு!" என்றாள். "இஞ்சேருங்கோ, இது என்ன உப்பு! வாயில வைக்க ஏலாமல் கிடக்கு!"

அத்தான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இப்பிடியோ?"

"ஓம்," என்றார் அத்தான்.

"பதின்மூண்டு வரியமுமோ? ஏன் சொல்லேல்லை?"

"நீ ருசி பாக்க ஏலாமல் எங்களுக்குச் சமைச்சுப் போடுறாய். அதில நான் என்னத்தைக் குறை சொல்ல?"

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு மீதித் துண்டை இரண்டாகப் பிய்த்து ஒன்றை அவர் கையில் வைத்தாள். றெஜி சிரிக்க ஆரம்பித்தார். கப்பல் ஏறியதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பஸ் வரும்வரை நாங்கள் எல்லோருமே சிரித்துக்கொண்டிருந்தோம்.

போகிறவர்களுக்கு: மதவாச்சியில் விடியற்காலையே நில்லுங்கள். அடையாள அட்டையின் பிரதி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மன்னார் நகரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், மரத்தை ஒருமுறை பார்த்தால் போதும். மடுவுக்கு முதலில் போங்கள். பிறகு பாப்பம் என்று சொல்லாதீர்கள்.

ஒஸ்லோ வந்து ஒரு வாரம் கழித்துக் கீரிக்குத் தொலைபேசி எடுத்தோம். அக்கா அரை மணி நேரம் தான் சாப்பிட்ட மீன்களையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அத்தான் பேச வந்தார். சமையல் எப்படி என்று றெஜி கேட்டார். அத்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பயத்தில இப்ப உப்பே போடுறாளில்லை. நான் ஒண்டும் சொல்லேல்லை."