பள்ளிக்கூடத் தலைக்கட்டு

ஏரியில் இறாலுக்கு வலை போட பூபதியின் குப்பத்தில் ஒரு முறை உண்டு. இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவார்கள். அதற்குப் பெயர் பாடு. கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறவன்தான் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. பூபதிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேசி முடித்த பெண் வேறொருவனோடு ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனுக்கென்று யாரும் பெண் தேடவில்லை. ஊருக்கு எத்தனையோ ஜோலி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் குப்பத்து அரசுப் பள்ளியின் ஓடு சரிந்தது. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் தாங்களே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வருமானத்துக்கு என்ன வழி? பள்ளிக்கூடத்தையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்து அதற்கும் ஒரு பாடு கொடுத்துவிடலாம் என்றார் ஊர்ப் பெரியவர் துளசிங்கம். கட்டடம் தோணியேறி வலை போடுமா? அதற்கோர் ஆள் வேண்டும். பாடு இல்லாத பூபதி கண்ணில் பட்டான். பிடிப்பதில் பாதி பள்ளிக்கு, பாதி அவனுக்கு.

அன்றிலிருந்து பள்ளிதான் அவனுக்குக் குடும்பம். அவன் பிடித்த இறாலில் ஓடு வந்தது, பெஞ்சு வந்தது, கழிப்பறை வந்தது, இரண்டாவதாக ஒரு டீச்சரும் வந்தார். பிள்ளைகள் அவனை 'இஸ்கூல் மாமா' என்றார்கள். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பிறகு அறக்கட்டளை ஒரு தப்பு செய்தது. நல்ல எண்ணத்தில் செய்த தப்பு என்பதால் யாரையும் திட்டவும் முடியாது. ஆறாம் வகுப்புக்கு வெளியூர் நடந்த பிள்ளைகளுக்காக ஒரு வேன் வாங்கினார்கள். வேனில் இடம் மிச்சமிருந்தது. இங்கிலீஷ் மீடியம் பள்ளியும் அதே வழியில்தான் இருந்தது. பெரிய பிள்ளைகளோடு சின்னதுகளும் ஏறிக்கொண்டன. ஐந்தே வருஷத்தில், மாலாவின் மகள் சந்தியா ஒருத்திதான் குப்பத்துப் பள்ளியில் மிச்சம். அவளும் இந்த ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள்.

ஜூனில் ஒரு பிள்ளையாவது சேராவிட்டால் பள்ளியைப் பூட்டிவிடுவார்கள் என்று டீச்சர் சொன்னார். பூபதி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் கேட்கப் போகிறவன் மாதிரி வீடு வீடாகப் போனான். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். பிள்ளையைத்தான் கொடுக்கவில்லை.

மாலா மட்டும் மனசில் இருந்ததைச் சொன்னாள். "தப்பா நெனைக்காத மாமா. சந்தியா ஒரு வருஷம் அங்க ஒண்டியா உக்காந்துனு இருந்துச்சு. பேசறதுக்கு ஆளில்லன்னு வந்து அழுவும். சின்னதையும் அப்பிடி உக்கார வெக்க சொல்றியா?"

ஒண்டியாக இருப்பது இன்னதென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து வெளியே வந்தான். மீதி வீடுகளுக்குப் போகவில்லை.

ஜூனில் பள்ளியைப் பூட்டினார்கள். அடுத்த வாரமே சீட்டுக் குலுக்க ஊர் கூடியது. அறக்கட்டளைக்கு இப்போது தலைமை தமிழ்வாணன். அந்தப் பள்ளியில் படித்தவன்தான். தலைக்கட்டுப் பட்டியலில் 'பள்ளி' என்ற வரி வந்ததும் பேனாவை நிறுத்தினான்.

"இத்த அடிச்சிட்டு வேனுன்னு எழுதிக்கலாம் மாமா. டீசலுக்கு ஆவும். நீயே வலை போடு. உன் பாதி உனக்கு."

பூபதி எழுந்தான். ஊர்க் கூட்டத்தில் தனக்கென்று அவன் வாய் திறந்ததே இல்லை. "எம் பேர எழுதேம்பா" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. கடைசியில் துளசிங்கம்தான் பேசினார். "தலைக்கட்டுன்னா வூட்ல இன்னொரு ஜீவனாவது இருக்கணும் பூபதி. உனக்கு யாருடா இருக்காங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. இரக்கமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு பூபதியிடம் இருபத்திரண்டு வருஷமாக ஒரு பதில் இருந்தது. போன வாரம் வரைக்கும் இருந்தது.

"வேனுன்னே எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.