சாணைக்குப் போன சாமான்கள்

எலும்பு அறுவைக்கு வேண்டிய கருவிகள் முழுவதும் என் வீட்டுக் கூடத்திலேயே இருந்தபோது, அவை ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். கேட்டவரும் என்னைப் போல எலும்பு மருத்துவர்தான். அவர் தனக்காகக் கேட்கவில்லை. சுனாமி வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் வலது கை கெட்டது. எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சும் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

அரசு வேலையாகப் போர்ட் பிளேருக்கு வந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் திருநெல்வேலிக்குத் திரும்பவில்லை. டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீட்டின் முன்னறையைக் கிளினிக்காக வைத்துக்கொண்டேன். அறுவை என்று வந்தால் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் அறை எடுத்துச் செய்வேன். கருவிகள் என் சொந்தம். சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தவை. எலும்பின் மேல் சவ்வை உரிக்கும் எலிவேட்டர்கள், முறிந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பற்கள் வைத்த இடுக்கிகள், அகலம் வாரியாக உளிகள், ஒரு சுத்தியல், எலும்பில் பதிக்கும் உலோகத் தட்டை வளைக்கும் வளைப்பான், திருப்புளி, கையால் சுற்றும் துளைப்பான். எல்லாம் துருப்பிடிக்காத எஃகு என்றுதான் பெயர். ஆனால் இந்தத் தீவின் உப்புக் காற்று எந்த எஃகையும் சும்மா விடாது. கீல்களில் முதலில் பழுப்புப் புள்ளி வைக்கும். ஒவ்வொரு அறுவைக்குப் பிறகும் நானே கழுவித் துடைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, பச்சைத் துணியில் சுற்றி வைப்பேன். வேறு யாரையும் தொடவிட மாட்டேன். நோயாளிகளின் முகம் மறந்துபோயிருக்கிறது. எந்த இடுக்கியில் எந்தப் பல் தேய்ந்தது என்பது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஒரு முறை சக மருத்துவர் ஒருவருக்கு ஓர் இடுக்கியை இரவல் கொடுத்தேன். பல் உடைந்து திரும்பி வந்தது. அவருடைய ஆள் அதை வைத்து ஜன்னல் ஆணியைப் பிடுங்கியிருக்கிறான். அன்றிலிருந்து இரவல் இல்லை என்று முடிவு செய்தேன். பல வருடங்கள் இந்த இடுக்கிக் கதையைத்தான் எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்க்கு உண்மைக் காரணம் அது அல்ல.

நான் ஓடிப்போகத் தயாராகிக்கொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிந்தைய அந்த நாட்களில் தரை அடங்கவே இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே மின்விசிறி தானாக ஆடும். பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டும். சென்னையில் என் மைத்துனருக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனை இருந்தது. கருவிகள் கையில் இருந்தால் இந்த வயதிலும் அங்கே பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பச்சை நிறத் தகரப் பெட்டியின் அடியில் கருவிகளை அடுக்கி, அவற்றின் மேல் மனைவியின் சேலைகளைப் பரப்பிப் பூட்டினேன்.

பெட்டி கூடத்தின் நடுவில் இருந்தபோதுதான் அந்த இளம் மருத்துவர் வந்தார். நிவாரணக் குழு ஒன்றோடு மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தவர். கண்கள் சிவந்து, சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. நாற்காலிகளில் நாங்கள் கட்டிய மூட்டைகள் இருந்ததால், "பரவாயில்ல சார்" என்று அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், பிளேட் இருக்கு, ஸ்க்ரூ இருக்கு. போடறதுக்குத்தான் கருவி இல்ல. எங்க பெட்டி எந்த பிளேன்ல ஏறிச்சோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். பெரிய ஆஸ்பத்திரியில அவங்களுக்கே பத்தல. உங்ககிட்ட நல்ல செட் இருக்குன்னு கேட்ட எடத்துல எல்லாம் சொல்றாங்க."

"அடடா" என்றேன். "உளியெல்லாம் மழுங்கிப் போச்சுன்னு சென்னைக்குச் சாணை பிடிக்க அனுப்பிட்டேனே. போன கப்பல்ல போயிருச்சு."

"முழு செட்டுமா சார்?"

"முழுசும்தான். பிரிச்சு அனுப்பினா தொலைஞ்சிரும்லா."

தீவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பாதுகாப்பான பொய் இங்கே கிடையாது. ரேடியோ, பம்ப் மோட்டார், கண்ணாடி, பல் செட் என்று எது பழுதானாலும் கப்பலேறித்தான் போக வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால், கப்பல் வந்தால் வரும். யாரும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க நினைக்கவும் மாட்டார்கள். அவரும் நம்பினார். "எங்க ராசி அப்படி சார்" என்று சிரிக்கக்கூடச் செய்தார்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னால் விழுங்க முடியாதது. "கச்சால் தீவுலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. முன்கையில ரெண்டு எலும்பும் போச்சு. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுற கை. புருஷன் அலையோட போயிட்டார். மாவுக்கட்டு போட்டா எப்படிக் கூடும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். பெரியவர்களுக்கு முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்தால் மாவுக்கட்டுக்குள் அவை வளைந்துதான் கூடும். பிறகு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியாது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

மனைவி காப்பி கொண்டுவந்தாள். அவர் அதைக் குடித்துக்கொண்டே மூட்டைகளைப் பார்த்து, "பயணமா சார்?" என்றார்.

"இவளுக்குத்தான் ஒரே பயம்" என்றேன்.

"பயம் எல்லாருக்கும்தான் சார். பத்திரமாப் போயிட்டு வாங்க." எழுந்து, பெட்டி மேல் சிந்திய காப்பித் துளியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.

வாசல் கதவு சாத்தியதும் மனைவி கேட்டாள்: "அந்தப் பிள்ளை எது மேல உக்காந்திருந்துச்சுன்னு தெரியும்லா உங்களுக்கு?"

"தெரியும்."

"இதுல எனக்குப் பயம்னு வேற சொல்லுதீக." பெட்டியைத் திறந்து தன் சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். "நீங்க போகணும்னா போங்க. நான் வரல."

அதனால் நாங்கள் போகவில்லை. அன்று மாலையே அந்தக் கருவிகளை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்த நிவாரண முகாமுக்கு நடந்திருக்கலாம், தூரம் அதிகமில்லை. ஆனால் என்னவென்று சொல்லிக் கொடுப்பது? நேற்றுப் போன கப்பல் இன்று திரும்பியது என்றா? பொய் சொன்னேன் என்று அந்த இளைஞனிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஒரு கையைவிட அந்த வெட்கம் எனக்குப் பெரிதாகிவிட்டது. சில வாரங்கள் கழித்து, பணம் கட்டிய நோயாளி ஒருவருக்காகக் கருவிகளை வெளியே எடுத்தேன். கேட்டவர்களிடம், கப்பலில் வந்துவிட்டது என்றேன். புதிதாகத் தீட்டியது போல இருக்கிறதே என்று ஒரு செவிலி பாராட்டினார். ஆமாம் என்றேன்.

வருடங்கள் கழிந்தன. கை நடுங்க ஆரம்பித்ததால் அறுவையை நிறுத்திவிட்டேன். வாரம் ஒரு நாள் பழைய நோயாளிகளைப் பார்க்கச் சாத்தம் துறையிலிருந்து படகில் அக்கரையில் இருக்கும் பம்பூஃபிளாட் போவேன். சாத்தம் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. மர ஆலையின் ஈரமரத் தூள் வாசனையோடு அங்கே டீ குடிப்பது வழக்கம். அந்தக் கடைக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருந்தாள். டீக்குக் காசு நீட்டினால் கையில் வாங்க மாட்டாள். அடுப்புப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைக் காட்டுவாள்.

ஒரு நாள் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோற்றைக் கரண்டியால் அள்ளி, முழங்கையை விலாவோடு ஒட்டி, உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து வாய்க்குக் கொண்டுபோனாள். சுமை தூக்கும் ஒருவர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"என்னா துரைசாணி, இன்னைக்கும் சம்மச்சுக் கரண்டிதானா? முள்ளுக்கரண்டி, கத்தி எல்லாம் எங்க?"

"பங்களாவுல இருக்கு. போய் எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

"துரை கோவிச்சுக்க மாட்டாரா?"

"ஒன் மூஞ்சியப் பார்த்தா துரை கப்பலேறிருவாரு." கடையே சிரித்தது. யாரோ ஒருவர், "ஜல்தி கரோ, போட் ஆ கயா" என்று படகு வந்துவிட்டதை இந்தியில் கத்திச் சொல்ல, எல்லோரும் கலைந்தார்கள். நான் படகைப் பிடிக்கவில்லை.

அந்தச் சாய்வை என் படிப்பு எனக்கு விளக்கிவிட்டது. இலங்கையிலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறியவர்களின் மலைத்தோட்டத் தமிழ் மீதியையும் சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டேன். "கையில என்னம்மா?"

"சுனாமில முறிஞ்சதுங்க ஐயா. திருப்ப ஏலாது." கையை நீட்டிக் காட்டினாள். உள்ளங்கை தரையைப் பார்த்தே இருந்தது. "கோயில்ல திருநீறு வாங்கக்கூட எடது கையத்தான் நீட்டணும். பூசாரி மொறைப்பாரு."

"அப்ப டாக்டர் யாரும் பார்க்கலையா?"

"பார்த்தாரு. நல்ல மனுசன். ஆபரேசன் பண்ற சாமான் எல்லாம் கப்பல்ல போயிருச்சுன்னு அவரே வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டாருங்க. கப்பலு மேல கோவப்பட்டு என்னா செய்ய?"

டீ ஆறிப்போனது. காசைத் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மருத்துவர் இதற்குள் தீவிலேயே வேலை வாங்கித் திரும்பி வந்திருந்தார். லம்பா லைன் பகுதியில் வீடு. போய்ச் சொன்னேன். அவர், "சார், அன்னைக்கு நான் உக்காந்திருந்தேனே, அந்தப் பச்சைப் பெட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தப் பொண்ணுகிட்ட உங்க பொய்யை நான் உண்மைன்னு சொல்லியிருக்கேன் சார்" என்றார். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுபடி எலும்பை வெட்டி நேராக்கித் தட்டு வைக்கலாமா என்று கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு முழுதாகத் திரும்பாது, பாதி திரும்பலாம் என்றார். "ஆனா ஏன்னு அவங்களுக்குத் தெரியணும். இல்லாம நான் செய்ய மாட்டேன்."

கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அறுவைக்கு ஆகும் செலவெல்லாம் என்னுடையது என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் கையில் ஒரு கிளாஸ் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப கப்பல்ல போகலையா?"

"போகல."

"எங்க இருந்திச்சு?"

"என் வீட்டுல. ஒரு பெட்டிக்குள்ள."

"சும்மாவா?"

"மேல சேலை போட்டு மூடியிருந்தேன்."

"சேலையா?" என்றாள். "நான் அந்த முகாம்ல யாரோ குடுத்த லுங்கியச் சுத்திக்கிட்டுக் கெடந்தேன்." கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த வாரம் போனபோது, நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். "சாமானக் குடுங்க. அந்த டாக்டரு செய்யட்டும். நீங்க உள்ள வரக் கூடாது."

"வரமாட்டேன்" என்றேன்.

பச்சைத் துணிச் சுருள்களை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உளிகளை மட்டும் நிறுத்திவைத்தேன், அவை உண்மையிலேயே மழுங்கித்தான் இருந்தன. இம்முறை நிஜமாகவே சென்னைக்கு அனுப்பிச் சாணை பிடித்து வரவழைத்தேன். கப்பல் தாமதமானது. நாள் தள்ளிப்போனதை அவளிடம் சொல்ல அந்த மருத்துவர் போனார். சாமான் கப்பலில் போயிருக்கிறது என்ற வார்த்தைகளை என்னால் சொல்ல முடியவில்லை.

அறுவை நடந்த அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூடிய கதவு வழியாக, உளிமேல் சுத்தியல் விழும் ஓசை கேட்டது. இரண்டு எலும்புக்கும் கேட்டது. அந்த ஓசையை எத்தனையோ முறை நானே எழுப்பியிருக்கிறேன். வெளியில் இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

கை பாதிக்கு மேல் திரும்பியது. மருத்துவர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். கருவிகளைத் திரும்ப எடுத்துப்போகும்படி அவர் சொன்னபோது, அங்கேயே இருக்கட்டும் என்றேன். மனைவியிடம் சொன்னேன். "அன்னைக்கே குடுத்திருக்கலாம்" என்றாள்.

கட்டுப் பிரித்துப் பல மாதங்கள் ஆன பிறகுதான் சாத்தத்தில் அந்தக் கடைக்குள் மறுபடி போனேன். அவள் கடையில்தான் இருந்தாள். கரண்டி இல்லாமல், கையால் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுமைக்காரர், "துரைசாணி வேலைய விட்டுட்டியா?" என்றார். "ராஜினாமா குடுத்தாச்சு" என்று சிரித்தாள். கை கழுவிவிட்டு வந்து அவரிடம் காசு வாங்கினாள். உள்ளங்கை முக்கால்வாசி நிமிர்ந்து விரிந்தது. அடுத்தவரிடமும் அப்படியே கையில் வாங்கினாள்.

நான் டீயைக் குடித்து முடித்துக் காசை நீட்டினேன். என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அடுப்புப் பக்கத்தில் அந்த எவர்சில்வர் தட்டு இன்னும் இருந்தது. அதைக் காட்டினாள்.

தட்டில் போட்டுவிட்டுப் படகுக்கு நடந்தேன். இப்போதும் வாரம் ஒரு முறை போகிறேன். தட்டில்தான் போடுகிறேன்.