முப்பது புள்ளி மரியாதை

சென்ற வாரம் பல் பிடுங்கிக்கொள்ள செராஸுக்குப் போயிருந்தேன். கடைவீட்டு மாடியில் பல் டாக்டர். அதே மாடியில், ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பையன்கள் மேசையில் கோல்கொண்டு பந்தடிக்கும் கூடம். கிராம்புத் தைலம் தோய்த்த பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தடுப்புக்கு அப்பால் சண்டை.

"ஒனக்குத்தான் மொதல்லயே ரெண்டு பால் விட்டுக் கொடுத்தேன் லா! இன்னும் என்னா?"

"கொடுத்தா? தப்பு தப்புதான்!"

என்னைப் பழைய நாளுக்கு இழுத்தது கிராம்பு வாசனையா, அந்தச் சண்டையா, தெரியவில்லை. டிரெஸ்ஸர் குமாரவேலு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. மனிதர் இருந்த இடமெல்லாம் கிராம்புத் தைலமும் கார்பாலிக்கும் மணக்கும். கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் டிரெஸ்ஸர். அதாவது, டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். டாக்டர் வருவது அபூர்வம்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்திய கதை இது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, எங்கள் சங்கம் இருந்தது. தமிழர் முன்னேற்றத்துக்காக ஆரம்பித்தது. முன்னேற்றம் எப்படி என்று பிடிபடாமல் ஒரு பில்லியர்ட்ஸ் மேசையை வாங்கிப் போட்டோம். வெள்ளைக்காரர் கிளப்பில் கழித்துக்கட்டிய மேசை. அவர்கள் ஏன் கழித்தார்கள் என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் கேட்கவில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நன்றாக ஆடுபவர், சுமாராக ஆடுபவருக்குத் தொடக்கத்திலேயே சில புள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். ஹேண்டிகேப் என்பார்கள். எங்கள் சங்கத்தில் இது பெரிய தலைவலி. கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி ஞானமுத்து ஐயா ரொம்பச் சுமாராக ஆடுவார். அவரிடம் போய் "நீங்கள் சுமார்" என்று யார் சொல்வது? கமிட்டி கூடி யோசித்து, விட்டுக்கொடுக்கும் புள்ளிக்கு "மரியாதைப் புள்ளி" என்று பெயர் வைத்தது. பதவி உயர உயரப் புள்ளியும் உயரும். பெரிய கிராணிக்கு முப்பது. கடைசிக் கிராணியான எனக்குச் சுழி. பியூன்கள் ஆட வந்திருந்தால் சுழிக்கும் கீழே எங்கோ தொடங்கியிருப்பார்கள். நல்லவேளையாக, அவர்களைச் சேர்க்கக் கூடாதென்று தனியாக ஒரு விதி இருந்தது.

ஆடத் தெரியாதவனுக்கு விதியாவது தெரிந்திருக்கும் என்று என்னை நடுவராக்கியிருந்தார்கள். நானும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, முகத்தை நீதிபதி மாதிரி வைத்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டம் ஞானமுத்து ஐயாவுக்கும், சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து வந்து ஆடும் குமாரவேலுவுக்கும். என் நிலைமையைக் கேளுங்கள். ஐயா என் மேலதிகாரி. குமாரவேலுவின் தங்கை பங்கஜத்தை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

நூறு புள்ளி எடுப்பவருக்கு ஜெயம். முப்பதை முன்னால் கொடுத்துவிட்டும் குமாரவேலு தொண்ணூற்றேழுக்கு வந்துவிட்டார். ஐயாவும் குருட்டாம்போக்கில் அடித்து அடித்துத் தொண்ணூற்றேழு. சிவப்புப் பந்தைக் குழியில் தள்ளினால் மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது. குமாரவேலு அடித்தார். சிவப்புப் பந்து மெல்ல உருண்டு மூலைக் குழியின் விளிம்பில் போய் நின்றுகொண்டது. அடுத்த முறை ஐயாவுடையது. அவர் கோலை எடுத்துக்கொண்டு குனிந்தார். அப்போது சன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி தடதடவென்று போயிற்று. தரை அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது, பந்து 'டொப்'பென்று குழிக்குள் விழுந்தது.

சத்தம் கேட்டதும் ஐயா நிமிர்ந்தார். "என் முறை. அதனால என் பந்து."

"நான் அடிச்ச பந்துங்கய்யா. விழுறதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் குமாரவேலு.

"விழ வெச்சது எது? கூட்ஸ் வண்டி. கூட்ஸ் யாரு டிபார்ட்மெண்டு?"

"முப்பது புள்ளி கொடுக்கச் சொன்னீங்க, கொடுத்தேன். ரயிலையும் சேத்துக் கொடுக்கணும்னு யாரும் சொல்லலையே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். சீமையில் அச்சடித்தது. பந்து துள்ளி வெளியே விழுந்தால் என்ன, ஆடுபவரின் சட்டைக்கை பட்டால் என்ன என்றெல்லாம் இருந்தது. ரயிலைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட அகப்படவில்லை. எழுதியவர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவரில்லை போலிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன்.

அந்த ஒரு வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ரயில்வேக்காரர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். கோயிலில் விபூதி வாங்கக்கூடத் தனித்தனி வரிசை. ஆபீசில் ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கோலா லிப்பிஸ்ல ஆள் கேக்குறாங்க. நல்ல எடம். மலேரியா மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். கிள்ளானிலிருந்து வந்த குமாரவேலுவோ, "கல்யாணத் தேதிய இன்னும் யாருக்கும் சொல்லல மாப்ளே. சொல்லலாமா, இல்ல பொறுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் தீர்ப்புச் சொன்னேன். பந்து யாருக்கும் இல்லை. அதை எடுத்து மறுபடி விளிம்பிலேயே வைக்க வேண்டும். ஐயா அடிக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் விளிம்பில் நிற்கும் பந்தைத் தள்ளுவது, தும்மினாலே ஆகிற காரியம். ஐயாவின் முகம் மலர்ந்தது. குமாரவேலு என் காதருகே வந்து, "மாப்ளே, நீ ரொம்பக் கெட்டிக்காரன். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். பங்கஜம் கை நழுவிப்போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஐயா குனிந்தார். நேரம் எடுத்துக்கொண்டு அடித்தார். வெள்ளைப் பந்து சிவப்புக்கு ஒரு முழம் தள்ளிப் போய் மேசைச் சுவரில் முட்டி நின்றது.

ஐயா நிமிர்ந்து, பந்து விழும் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். தப்பிவிட்டது என்று அவருக்குத் தெரியவே இல்லை. ஆபீசில் எல்லாக் காகிதத்தையும் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாரே, அதை அதிகாரத் தோரணை என்றல்லவா நினைத்திருந்தேன்? கண் போனால் அந்த வேலை போய்விடும். வீட்டில் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள்.

குமாரவேலு மேசையைச் சுற்றிவந்து, கோல் முனையில் சுண்ணாம்பு தடவுகிற சாக்கில், ஐயாவின் கண்களைக் கிட்டத்தில் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு குனிந்து அடித்தார். அவருடைய பந்தும் சிவப்பைத் தொடாமல் தள்ளிப் போயிற்று.

"அட, எனக்கும் தப்பிப் போச்சே!" என்று சத்தமாகச் சொன்னார். "இந்த மேசை சாஞ்சு கெடக்குங்கய்யா. இதுல மனுசன் ஆடுவானா? கோப்பைய ஆளுக்கு ஆறு மாசம் வெச்சுக்குவோம்."

கமிட்டி அங்கேயே கூடி, மேசை சாய்ந்திருக்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ரயில்வேக்காரர்களும் மற்றவர்களும் ஒன்றாகக் கை தட்டினார்கள். வெற்றிலைப் பெட்டி எடுக்கப் போகிறவர்போல ஐயாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார் குமாரவேலு.

அடுத்த மாதம் ஐயா நேர்த்திக்கடன் என்று லீவு போட்டார். எந்தக் கோயில் என்று யாரும் கேட்கவில்லை. கனத்த கண்ணாடியோடு திரும்பி வந்து, என் கையெழுத்து கோழி கிறுக்கினாற்போல இருப்பதாக முதல்முறையாகத் திட்டினார். கோலா லிப்பிஸுக்கு வேறு யாரோ போனார்கள். எங்கள் கல்யாணம் கிள்ளானில் நடந்தது. "ஏண்ணே, நீ வேணும்னேதான விட்டே?" என்று பங்கஜம் அண்ணனிடம் வருஷக்கணக்காகக் கேட்டுப் பார்த்தாள். "மேசை சாஞ்சிருந்துச்சு" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜப்பான் சண்டைக் காலத்தில் சங்கம் மூடிக் கிடந்தது. துணிப் பஞ்சத்தில் மேசையின் பச்சைத் துணி யாருக்கோ கால்சட்டை ஆயிற்று. அடியிலிருந்த கல் குவார்ட்டர்ஸ் குழாயடியில் துவைகல்லாகக் கிடந்தது. பிறகு குவார்ட்டர்ஸையும் இடித்தார்கள். ஐயா போனார், குமாரவேலு போனார், மூன்று வருஷத்துக்கு முன் பங்கஜமும் போனாள். அன்றைக்கு நான் வாயைத் திறந்தால் தப்பென்று சொல்ல ஒரு கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது இந்தக் கதையை நான் எப்படிச் சொன்னாலும் அதுதான் தீர்ப்பு.