பைலட் ஐயா சாகாத போர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நான் கிளாக்கராக வேலை பார்க்கும் துறைமுக அலுவலக யன்னலால் பார்த்தேன். பழைய இழுவைப் படகின் கொடி அரைக் கம்பத்தில் தொங்கியது. யாரும் வந்து சொல்லுமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. இருபத்தைந்து வருடம் அந்தப் படகின் சுக்கானைப் பிடித்த சுலைமான் நானா, கிண்ணியாவில் மகள் வீட்டில் காலமாகிவிட்டார்.

நானாவோடு பழகிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஒப்பாரி வைத்தால் அவர் எழும்பி வந்து சண்டை பிடிப்பார். ஆகவே அழுகையை அடக்கத்தன்றே முடித்துக்கொண்டு, அவர் நடத்திய போரைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

எங்கள் துறைமுக ஊழியர் மன்றத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த புதிதில், ஞாயிறு மாலையில் ஒரு மாயக்கதைத் தொடர் போகத் தொடங்கியது. பறக்கும் குதிரை, பேசும் மரம், மந்திரக்கார அரசன் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் இங்கிலீஷ். பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, எங்களைப் பார்த்தபடி நானா தமிழில் கதை சொல்வார். வெள்ளைக்கார நேவியோடு வேலை செய்த மனிதர், அவருக்குத் தெரியாத இங்கிலீஷா என்று சனம் நம்பியது. கப்பலை முன்னே விடவும் பின்னே எடுக்கவும் கயிறு கட்டவும் போதுமான இங்கிலீஷ்தான் அவரிடம் இருந்தது. அவருக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களை வாசித்துச் சொல்கிற எனக்கு மட்டும் அது தெரியும்.

முதல் வாரமே வெண்தாடித் தளபதி ஒருவர் இரண்டு கைகளையும் வீசிப் படையை நடத்தினார். நானாவுக்கு அது போதும். "இவருதான் இந்த ராச்சியத்துப் பைலட்" என்றார். வருகிற கப்பலில் ஏறி, பாறையில் முட்டாமல் உள்ளே கொண்டுவந்து சேர்க்கிற பைலட்டை எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? அன்றிலிருந்து தளபதி பைலட் ஐயா ஆனார். குதிரைப்படை திரும்பினால், "எதிரி முன்கயிற விட்டுட்டான், இனி முன்பக்கம் அலையும் பாருங்க" என்பார் நானா. எங்களுக்கு அட்சரம் பிசகாமல் விளங்கும். பைலட் ஐயாவின் வேலை போரில் வெல்வதல்ல, போனவர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்று மன்றமே நம்பியது. பெண்கள் அவருக்கு நேர்த்தி வைக்காத குறைதான்.

பெரிய போர் வருகிற வாரம் மன்றத்தில் எள் போட இடமில்லை. அன்று பார்த்து, இங்கிலீஷ் படிப்பிக்க மாற்றலாகி வந்திருந்த தியாகராசா மாஸ்டர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நானாவின் முகம் கறுத்துப் போயிற்று.

"கிளாக்கர், இண்டைக்கு எண்ட மானம் கப்பலேறப் போகுது" என்றார் என் காதுக்குள்.

"தலையிடி எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போங்கோ நானா."

"ஏலாது. இவ்வளவு சனம் என்ன நம்பியெல்லோ வந்திரிக்கி. பிடிபட்டால் இனி அந்தக் கதிரையில இரிக்க மாட்டன், அவ்வளவுதான்."

போர் தொடங்கியது. முதலில் நானா மாஸ்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார். போகப் போக அவருக்கு மாஸ்டரின் நினைப்பே இல்லை. "இழு, இழு! விடாத!" என்று அவர் கத்த, சுமை தூக்குகிற ஆட்கள் எழும்பி நின்று கையைத் தட்டினார்கள். அந்த நேரம் பார்த்துப் பைலட் ஐயாவின் நெஞ்சில் அம்பு பாய்ந்தது. குதிரையிலிருந்து விழுந்தார். கண் மூடியது. வீரர்கள் தலை குனிந்து கொடியை இறக்கினார்கள்.

மன்றத்தில் ஒரு மனுசி விம்மத் தொடங்கினார்.

"அவருக்கு ஒண்டும் இல்ல. களச்சிப் படுத்திரிக்காரு" என்றார் நானா.

"அப்ப ஏன் நானா கொடியை இறக்கிறாங்கள்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

"பொழுது பட்டால் கொடி இறக்கிறதுதானே! வெள்ளைக்காரன் கோட்டையில ஒவ்வொரு நாளும் இறக்கல்லியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கேட்டவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. நானா சொல்றது சரியோ?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். விம்மிய மனுசியைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார். "ஓம். நானா சொல்றதுதான் சரி. நல்ல நித்திரை" என்றார்.

மன்றம் ஆரவாரித்தது. திரும்புகையில் மூவரும் கடற்கரை வீதியால் நடந்தோம். "மாஸ்டர், நீங்க பொய் சொல்லிட்டீங்க" என்றார் நானா. "நீங்கள் மட்டும்தான் சொல்லலாமோ?" என்றார் மாஸ்டர். வீதியோரத்தில் நின்று வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நானா சொன்னார்: "கிழமை முழுக்க மூட்ட சுமந்த சனம் மாஸ்டர். அழ வெச்சி வீட்ட அனுப்பேலாது."

அதற்குப் பிறகு பைலட் ஐயா தொடரில் வரவேயில்லை. எங்கே என்று வாராவாரம் கேட்பார்கள். நானா அசையவில்லை. "வெளிக்கடலில நிக்காரு. அடுத்த கப்பலக் கூட்டி வருவாரு" என்பார்.

நேற்று ஞாயிறு. தொடர் இன்னும் முடிந்தபாடில்லை. நானாவின் கதிரையில் மாஸ்டரை இருத்தினோம். அவர் வரிக்கு வரி சரியாக மொழிபெயர்த்தார். சனம் கொட்டாவி விட்டது. அன்று விம்மிய அதே மனுசி, "பைலட் ஐயா இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

நானாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பொய்தான். எழும்பி நின்று சொன்னேன்: "வெளிக்கடலில நிக்கிறார், அக்கா. இப்ப தனிய இல்லை. இழுவைப் படகும் பக்கத்தில போயிட்டுது."