முப்பத்தொன்றாவது ஆள்

தேசியக் கால்பந்து அணி கோல் போட்டால் சித்தப்பா எல்லாரையும் விட ஒரு மூச்சு தாமதமாகத்தான் கைதட்டுவார். வீட்டில் எல்லாரும் துள்ளிக் குதித்து, யாராவது டம்ளரை உருட்டி, பக்கத்து வீட்டுக் கூச்சலும் வந்து சேர்ந்த பிறகுதான் அவருடைய கைகள் ஒன்றுசேரும். அண்ணன் மகள் இதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்தாள். காது மந்தம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் தன்னுடைய ரயிலடி கிளப் ஆடும்போது பந்து வலையைத் தொடும் முன்பே கத்துகிறவருக்குக் காது எப்படி மந்தமாக இருக்கும்? பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. கோல் போட்டவன் எந்தக் கிளப்காரன் என்று பார்ப்பதற்குத்தான் அந்த ஒரு மூச்சு. பரம எதிரியான ஆற்றங்கரை கிளப்பிலிருந்து போனவன் என்றால் இரண்டே விரலால் உள்ளங்கையைத் தட்டுவார்.

"நாட்டுக்குத்தானே போட்டான்?" என்பாள் சித்தி.

"நாட்டுக்குத்தான். அதான் தட்றேன்ல."

"இதுக்குப் பேரு தட்றதா? மாவு சலிக்கற மாதிரி இருக்கு."

சித்தப்பாவுக்குத் தொழில் கண்ணாடி வெட்டுவது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை. நீள மேசையில் பழைய கம்பளியை விரித்து, அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டரை ஒரே இழுப்பாக இழுப்பார். கீறல் விழுந்ததும் மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. இரண்டு துண்டு. காத்திருக்கும் வாடிக்கையாளர் பேச்சுக் கொடுத்தால், "கொஞ்சம் இருங்க, இழுத்துட்டு வரேன்" என்பார். இடது கை விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் மட்டும் பதினொன்று இருந்தன.

சனிக்கிழமைகளில் ஆட்டம் தொடங்குவதும் நாலு மணி, கடை அடைப்பதும் நாலு மணி. அதனால் இருபத்தாறு வருடமாக அவர் எந்த ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தையும் பார்த்ததில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, வடக்குக் கோலுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியை நோக்கி அரை ஓட்டமாக ஓடுவார். அவருடைய இடத்தில் லேத் பட்டறைக்காரரின் பை உட்கார்ந்திருக்கும்.

"வந்துட்டீங்களா துரை? இப்ப ஆரம்பிக்கச் சொல்லவா?" என்று லேத்காரர் பையை எடுப்பார்.

அண்ணன் மகள் அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அவளுடைய அப்பா லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில். ஆகவே கல்லூரி விண்ணப்பத்துக்காக அலைந்ததும், விடுதி மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் சித்தப்பாதான். படிப்பு முடிந்து அவள் வேலை தேடிக்கொண்டிருந்த வருடத்தில்தான் கிளப்புக்கு அந்தக் கடிதம் வந்தது.

அந்த வருடம் ரயிலடி கிளப் பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் ஒரே ஆட்டம், அதுவும் ஆற்றங்கரையோடு. சமன் செய்தால் முதல் பிரிவில் தங்கலாம். தோற்றால் இரண்டாம் பிரிவு. அது வரைக்கும் கிளப்பைக் காப்பாற்றி வந்தவன் கீப்பர். கை நீளத்தைப் பார்த்து யாரோ 'ஒட்டடை' என்று கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை. கடிதத்தில் மகனைத் தேசிய அணியின் மூன்றாவது கீப்பராக அழைத்திருந்தார்கள். முகாம் தொடங்குவது கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள். லீக் முடியாததால் கிளப் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும். மாற்றுக் கீப்பருக்கோ விரல் முறிந்திருந்தது.

ஒட்டடையிடம் கேட்டார்கள். "என்னை வளர்த்தது நீங்க. நீங்க சொல்றபடி," என்றான். அப்படிச் சொன்னதே எல்லாருக்கும் தலைவலியாகிவிட்டது.

அந்த வாரம் சித்தப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கட்சி பேசினார். வீட்டிலும் அதேதான்.

"மூணாவது கீப்பர்னா என்ன தெரியுமா? தண்ணி பாட்டிலுக்குக் காவல். அங்க போய் பெஞ்சைத் தேய்ச்சுட்டு வருவான். இங்க நாம கீழ போயிடுவோம்."

"அவனுக்குக் கிடைச்ச வாய்ப்பு சித்தப்பா. நமக்காக அவன் ஏன் விடணும்?" என்றாள் அவள்.

"நாம யாரு? அவனுக்கு முதல் கையுறை வாங்கிக் கொடுத்தது யாரு, நாடா?"

"வாங்கிக் கொடுத்தா கட்டிப் போடலாமா? அப்படிப் பார்த்தா நீங்க என்னைக் காலேஜுக்கே அனுப்பியிருக்கக் கூடாது."

சித்தி, "கேட்டீங்களா வக்கீலய்யா, பதில் சொல்லுங்க," என்று சீண்டிப் பார்த்தாள். சித்தப்பா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். தன் வார்த்தை எங்கேயோ பட்டுவிட்டது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

ரயிலடி கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். பெரிய முடிவுகளுக்குக் கை தூக்குவதோ சீட்டு எழுதுவதோ அங்கே வழக்கம் இல்லை. ஒரு காலத்தில் கை தூக்கினார்களாம். யாரோ ஒரு மகராசன் இரண்டு கையையும் தூக்கியதில் அது நின்றுபோனது. இப்போது ஆட்கள் மைதானத்தில் இறங்கி நடக்க வேண்டும். ஒரு கட்சி வடக்குக் கோலடியில், மறு கட்சி தெற்குக் கோலடியில். செயலாளரான தபால்காரர் நடுவில் நின்று விசில் ஊதுவார். ஊதிய பிறகு யாரும் இடம் மாறக் கூடாது. பிறகு தலையை எண்ணுவார். யார் எங்கே நின்றார் என்பது ஊருக்கே தெரியும். ஒளிவு மறைவுக்கே இடமில்லை.

வியாழக்கிழமை மாலை கூட்டம். அவள் உறுப்பினர் இல்லாததால் வேலிக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் ஒட்டடையின் அம்மா, முந்தானையின் முனையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக. ஆட்கள் இரண்டு பக்கமும் பிரிந்தாகிவிட்டது. லேத்காரரும் அவருடைய கூட்டமும் தெற்கில் நின்றார்கள். சித்தப்பாவை மட்டும் காணோம். ஏதோ ஒரு வீட்டில் ஜன்னல் சட்டத்துக்குக் கண்ணாடி உட்காராமல் அடம் பிடித்திருக்கிறது. தபால்காரர் விசிலை வாயில் வைத்தபோது சைக்கிள் வேலியில் மோதியது.

"போகட்டும்னா வடக்கு, இருக்கட்டும்னா தெற்கு! சீக்கிரம்யா, உனக்காக எத்தனை நேரம்?" என்று தபால்காரர் கத்தினார்.

சித்தப்பா அரை ஓட்டமாக ஓடினார். வடக்குக்கு. கம்பிக்குப் பின்னால் போய் நின்று கையை அதன்மேல் வைத்தார். விசில் ஊதியது.

வேலிக்கு வெளியே அவள் எக்கி நின்று பார்த்தாள். தன் ஒரு பேச்சுக்காக இந்த மனிதர் இருபத்தாறு வருடக் கூட்டாளிகளை விட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறாரே! படித்த படிப்புக்கு முதல் தடவையாக ஒரு பலன் கிடைத்தது போலிருந்தது.

தபால்காரர் இரண்டு தடவை எண்ணினார். தெற்கு முப்பது. வடக்கு முப்பத்தொன்று.

அப்போதுதான் சித்தப்பா பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்தார். வாரம் முழுக்க அவரோடு மல்லுக்கு நின்றவர்கள். வாய் திறந்தது. கை மேலே எழுந்தது. ஆனால் அதற்குள் ஒட்டடையின் அம்மா வேலியின் இடுக்கு வழியாகப் புகுந்து, புல்லில் ஓடி, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டுவிட்டார்.

"அண்ணே, நீங்கதான் வேணாம்னு நின்னீங்க. கடைசியில நீங்கதான் வந்தீங்க. என் பிள்ளை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான்."

சித்தப்பா அந்த அம்மாவைப் பார்த்தார், தெற்கே பார்த்தார், திறந்த வாயை மூடினார்.

வீட்டுக்கு நடக்கும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். அவளுக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"தேங்க்ஸ் சித்தப்பா. நான் சொன்னதை யோசிச்சிருக்கீங்க."

"யாரு யோசிச்சா? எனக்கு லேட்டு. லேட்டானா கால் எங்க போகும்? வடக்குக் கம்பிக்குத்தான் போகும். கம்பியைப் பிடிச்சப்புறம்தான் அடப்பாவின்னு ஆச்சு."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். முதலில் அவமானம், பிறகு சிரிப்பு. அடக்க அடக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரி சிரி. சனிக்கிழமை யார் கோல்ல நிக்கப் போறா, நீயா?"

சனிக்கிழமை கோலில் நின்றவர் முப்பத்தெட்டு வயது நடு ஆட்டக்காரர். நான்குக்கு ஒன்று என்று ரயிலடி தோற்றது. கிளப் கீழே இறங்கியது. கம்பிக்குப் பின்னால் அன்று சித்தப்பாவின் இடத்தில் பை இல்லை, லேத்காரரின் மச்சான் நின்றிருந்தார். "நாட்டுக்காரருக்கு இங்க என்ன வேலை? அங்க பெரிய நாற்காலி போட்டு வெச்சிருப்பாங்களே," என்றார் லேத்காரர், திரும்பிப் பார்க்காமல். சித்தப்பா மூலைக்கொடிக்குப் பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்தார். தெரியாமல் போய் நின்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லேத்காரரின் கோபம் அங்கேயே கரைந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தை பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூட மணி அடிக்கும் அம்மா வரைக்கும் போய்விடும்.

"அந்தம்மா காதுல விழுந்தா என்ன நெனைக்கும்? பிள்ளை போனது ஒரு கண்ணாடிக்காரன் கால் தடுமாறினதாலன்னு தெரிஞ்சா?" என்றார் வீட்டில். ஒரு சீசன் முழுக்க அந்தப் பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒட்டடை இரண்டு ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு வருடம் கழித்து நடந்த மூன்றாவதில் முதல் கீப்பருக்குத் தோள் இறங்கியது, இரண்டாமவருக்குக் காய்ச்சல். கடைசி இருபத்திமூன்று நிமிடம் ஒட்டடை கோலில் நின்றான். இரண்டு பந்தைத் தடுத்தான், ஒன்றை விரல் நுனியால். சித்தப்பா சத்தம் போடாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் முடிந்ததும் அவளிடம் திரும்பி, "நல்லவேளை," என்றார். மறுவாரமே லேத்காரர் கடைக்கு வந்து, வாங்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கண்ணாடித் துண்டுக்கு அளவு சொல்லிவிட்டு, "சனிக்கிழமை வந்துடுய்யா. பையை எத்தனை நாள் கையில வெச்சிட்டு நிக்கறது?" என்று கேட்டார். சித்தப்பாவுக்குக் கண் கலங்கியதைப் பார்த்து, "தூசி பறக்குது பாரு," என்று மேசையை அவரே ஊதினார்.

அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. எண்ணிச் செய்யாத உதவிக்கு நன்றி செல்லுமா? பல நாள் குடைந்துகொண்டிருந்தாள். அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தைக் கடைசி நாளில், மூடிய கவுண்டருக்கு உள்ளேயிருந்து கை நீட்டி வாங்கி முத்திரை குத்திய குமாஸ்தாவை நினைத்தாள். இரக்கப்பட்டு வாங்கினாரா, சட்டென்று வாங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம் என்று வாங்கினாரா? தெரியாது. இனி தெரியவும் வழியில்லை. ஆனால் அந்த முத்திரையில்தான் அவளுடைய மூன்று வருடமும் நின்றது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்தக் கைக்கு அவள் நன்றி சொல்லியே ஆக வேண்டும். சித்தப்பாவின் காலுக்கும் அப்படித்தானோ என்னவோ. ஆனால் கால் தடுமாறியதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாரே, ஒரு வருடம் ஏச்சு வாங்கினாரே, அது தடுமாற்றமா? அந்த இடத்துக்கு வந்ததும் அவளுடைய குடைச்சல் நின்றுவிடும். இப்படி ஒரு மனிதர் தன் பெட்டியைத் தூக்கி வந்தார் என்பதே போதும் என்று தோன்றும்.

சித்தப்பாவுக்கு மட்டும் நிற்கவில்லை. "அந்தம்மாகிட்ட உள்ளதைச் சொல்லணும். கையைப் பிடிச்சு அழுதாங்களே, அது எனக்குச் சேராதது," என்பார்.

போன மாதம் ஒட்டடையும் அம்மாவும் புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டுக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள், ஒரு படத்துக்குக் கண்ணாடி போட. அவளும் கூடப் போனாள், "நீ பக்கத்துல இருந்தா எனக்கு வாய் வரும்" என்று அவர் கெஞ்சியதால். அந்த அம்மா படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாக்கெடுப்பு அன்று தபால்காரரின் மகள் போனில் எடுத்தது. வடக்குக் கோலடியில் முப்பத்தொரு பேர். நடுவில் சித்தப்பா, வாய் திறந்தபடி, ஒரு கை மேலே.

"பாருங்கண்ணே, எல்லாரையும் விட நீங்கதான் சந்தோஷமா கத்தறீங்க," என்றார் அம்மா.

ஒட்டடை அந்தப் படத்தில் வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் தொட்டுக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் நிறுத்தினான். "கேம்ப்ல இதை பைக்குள்ள வெச்சிருந்தேன் அண்ணே. இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்தேன்."

சித்தப்பா அளவு எடுத்தார். கொண்டுவந்திருந்த கண்ணாடித் தகட்டை விரித்த துண்டின் மேல் கிடத்தினார். "ஒட்டடை, ஒன்னு சொல்லணும் உங்கிட்ட," என்றார்.

"சொல்லுங்கண்ணே."

அம்மா கையில் டீயோடு நின்றார். சித்தப்பா படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. தூள் தெறிக்கும்," என்றார்.

ஒரே இழுப்பு, ஒரு தட்டு. சட்டத்தில் கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்தது. துடைத்து, அவரே ஆணி அடித்து, சுவரில் மாட்டினார். கூலி வேண்டாம் என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார்.

தெருமுனை திரும்பியதும் அவள் கேட்டாள். "ஏன் சித்தப்பா?"

"அவன் அதைப் பார்த்துட்டு இறங்கறான்மா. அதை நான் எப்படி அவங்கிட்டேர்ந்து எடுக்கறது?" சற்றுத் தூரம் நடந்த பிறகு சொன்னார்: "ஆனா சொல்லணும். சொல்லாம போகக் கூடாது. நீ படிச்சவதானே, எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சு வை."

அவள் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய வாக்கியம் இன்னும் இரண்டு பேரிடமுமே இருக்கிறது.